அரியணை ஆசையும் அரக்கத்தனமும்

அரசாளும் பேறு உனக்கே என்று குறி சொல்லப்பட்ட அளவிலேயே அதனை வெறுத்துத் துறவு பூண்டவர் இளங்கோவடிகள் என்பது சிலப்பதிகாரம் தரும் செய்தி. ஆட்சியை உதறியவரைப் போற்றிய தமிழ், அதற்காக எதையும் செய்யத் துணிந்தவனின் கதையையும் சொல்லத் தவறவில்லை. நம் காலத்தில் அக்கதையைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தது திரைப்படம். 1950 முதல் 1958 வரை வெளிவந்த மூன்று படங்களை வரிசையாக வைத்து நோக்கின், பதவி வேட்கை ஒரு மனிதனைப் படிப்படியாக அரக்கனாக்கும் விதம் நன்கு விளங்கும்.

முதலாவது, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் வெளியிட்ட 'மந்திரி குமாரி'. மு. கருணாநிதி எழுதிய இக்கதைக்கு வித்து, ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசி. பழங்கதையில், கொலைத் தண்டனை பெற்ற கள்வனைக் காதலித்து மணக்கிறாள் ஒரு வணிகர் குலப் பெண். பின்னொருநாள் ஊடலின்போது அவள் விளையாட்டாகக் 'கள்வன்' என்று சொல்லிவிட, சினங்கொண்டு அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்ல முனைகிறான். அவளோ அவனை வலம் வருவதுபோல் வந்து கீழே தள்ளிவிடுகிறாள்.

திரையில் மலையுச்சி அப்படியே இருக்கிறது, கள்வன்தான் மாறிவிட்டான். அவன் இப்போது ராஜகுருவின் மகன் பார்த்திபன். தன் மகனே படைத்தலைவனாக வேண்டுமென்பது ராஜகுருவின் வேட்கை. மன்னனோ அப்பதவியை வேறொருவனுக்கு அளிக்கிறான். வெளிப்பார்வைக்குக் குருவின் பிள்ளையாகத் திரியும் பார்த்திபன், மறைவில் கொள்ளையர் தலைவன். தந்தையாக எம்.என். நம்பியாரும் மகனாக எஸ்.ஏ. நடராஜனும் நடித்தனர். பழைய கள்வனைத் தூண்டியது சினம். புதிய கள்வனை வளர்த்ததோ ஒரு குடும்பத்தின் பதவிப் பசி. தந்தை மகனை ஏணியாகக் கண்டார். மகன் மனைவியைத் தடைக்கல்லாகக் கண்டான்.

அடுத்த ஆண்டே அதே நிறுவனத்தின் 'சர்வாதிகாரி' வந்தது. இட்லர், முசோலினி ஆகியோரின் எழுச்சியையும் 1945இல் அவர்கள் அழிவையும் உலகம் கண்டு முடித்திருந்த காலம் அது. நாட்டைத் தன் கைக்குள் கொண்டுவர முயலும் அமைச்சன் மகாவர்மனாக நம்பியார் தோன்றினார். தன் வழியில் நிற்கும் வீரனை வீழ்த்த அவன் ஏவுவது படையை அன்று, ஒரு பெண்ணின் அன்பை. ஏவப்பட்டவளோ உண்மையிலேயே அவ்வீரனை விரும்பிவிடுகிறாள். அன்பும் தன் ஏவலுக்கு அடங்கும் என்ற அவன் கணக்கு அங்கே பொய்த்தது.

மூன்றாவது, எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்னன்' (1958). இதில் பி.எஸ். வீரப்பா ஏற்ற ராஜகுரு, ஓர் இளவரசியைக் குழந்தைப் பருவத்திலேயே கடத்தித் தனித்தீவில் வளர்க்கிறான். இளவரசி ரத்னாவாக நடித்தவர், 1938இல் நம் பெங்களூரில் பிறந்து 2025இல் இங்கேயே மறைந்த பி. சரோஜாதேவி. வீரப்பாவின் இடிச்சிரிப்பைக் கேட்டு நடுங்கியோர் பலர். ஆயினும், ஒரு குழந்தையின் இளமை முழுவதையும் தன் திட்டத்திற்காகப் பூட்டி வைத்த நெஞ்சம் அச்சிரிப்பினும் கொடிது.

இம்மூவரில் எவனும் முடிசூடிய மன்னன் அல்லன் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. குருவாகவோ அமைச்சனாகவோ அரியணையின் நிழலில் நிற்பவன். மக்கள் அவனைத் தேர்ந்ததும் இல்லை, கேள்வி கேட்க வழியும் இல்லை. இப்படங்கள் தோன்றிய காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பொறுப்பாட்சி கோரி 1947இல் 'மைசூர் சலோ' கிளர்ச்சி எழுந்து, அவ்வாண்டு அக்டோபரில் கே.சி. ரெட்டி தலைமையில் மைசூரில் மக்களாட்சி அமைந்தது. 1951-52இல் நாடு முதற் பொதுத்தேர்தலைக் கண்டது. வாக்குச்சீட்டை அப்போதுதான் கையிலேந்திய மக்களுக்கு, அஞ்சத்தக்கவன் யாவன் என்பதை இக்கதைகள் அடையாளம் காட்டின எனலாம்.

திரையில் கொடியவனாக வந்த நம்பியார், வாழ்வில் ஐயப்ப பக்தராகவும் சபரிமலைக் குருசாமியாகவும் மதிக்கப்பட்டவர். அரக்கத்தனம் முகத்தில் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. மகனையும், காதலையும், குழந்தையையும் கருவியாக எண்ணும் கணத்தில் அது பிறக்கிறது. அரியணைகள் மறைந்துவிட்டன, அந்தக் கணம் மறையவில்லை. நம் நிறைவேறாத ஆசைகளைப் பிள்ளைகளின் தோளில் ஏற்றும்போதும், மன்றங்களில் ஒரு நாற்காலிக்காக நட்பை விலைபேசும்போதும், அத்தீவின் கதவை நாமே பூட்டுகிறோம். புலம்பெயர்ந்த மண்ணில் நமக்கு உறவே செல்வம். அதனைப் பதவிக்கு ஈடாக வைக்காதிருப்போமாக!