யாழ்ப்பாணத்து முதுமையும் மருத்துவக் காப்பும்

நோய் வருமுன் பலர் கூடிப் பணம் இட்டுவைத்து, நோயுற்றவர் அதிலிருந்து பயன்பெறும் முறை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் புதியதன்று. வலிகாமம் மேற்கிலே மூளாயில் 1936ஆம் ஆண்டு கூட்டுறவு வைத்தியசாலை ஒன்று எழுந்தது. அதற்கு முன்னர் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 1848இல் தொடங்கிய மருத்துவப் பணியும், இணுவிலில் 1898இல் அமைந்த மக்கிளவுட் மகளிர் வைத்தியசாலையும் மிஷனரிமாரின் ஈகையில் நின்றன. நகரத்து ஆஸ்பத்திரியோ, 1850இல் அரசாங்க அதிபர் டைக் முன்னின்று அமைத்த தருமச் சங்கம் ஒன்றின் பொறுப்பில் தொடங்கி, 1907இல் அரசாங்கத்தின் கைக்குச் சென்றது. மூளாயில் நோயாளி இரவலனாக அன்றிப் பங்காளனாகப் படியேறினான். இம்மாற்றம் சிறிதன்று.

ஆயினும் பங்காளராகும் வாய்ப்பு எல்லார்க்கும் ஒத்திருக்கவில்லை. இதனை விளங்கிக்கொள்வதற்கு மலாயாவை நோக்குதல் வேண்டும். 1816 முதல் அமெரிக்க மிஷன் பரப்பிய ஆங்கிலக் கல்வி, யாழ்ப்பாண இளைஞரை எழுதுவினைஞராகவும் நில அளவையாளராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் ஆக்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி தொடக்கம் அவர்களிற் பலர் மலாய் நாடுகளுக்குக் கப்பலேறினர். உத்தியோகம் முடித்து ஊர் திரும்பியோர்க்கு மாதந்தோறும் வந்த ஓய்வூதியம் ‘மலாயாப் பென்சன்காரர்’ என்னும் தனிப்பெயரையே தேடித்தந்தது. கோழி மேய்த்தாலும் கவர்மெந்தில் மேய்க்க வேண்டும் என ஊரார் சொன்னதை வெறும் பகடியாகக் கொள்வது பொருந்தாது. ஆறில்லா நிலத்தில் கிணற்றையும் மாரியையும் நம்பிய மக்கள், முதுமைக்குப் பிடிமானம் தேடிப் போட்ட கணக்கு அது. பங்குப் பணம் கட்டுவது பென்சன்காரர்க்கு எளிது. புகையிலைத் தோட்டத்துக் கூலியாளுக்கும் கரையோரத்துச் சிறு வலைக்காரனுக்கும் அது எளிதன்று. சங்கத்தின் கதவு திறந்தே இருந்ததெனினும், வாசற்படியின் உயரம் ஒருவர் இருபது வயதில் பெற்ற உத்தியோகத்தைப் பொறுத்திருந்தது.

1951 முதல் அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசமாயிற்று. வேறுபாடு குறைந்தது, மறையவில்லை. வெளியில் வாங்கும் மருந்து, வண்டிச் செலவு, கூட நிற்பவர் இழக்கும் நாட்கூலி ஆகியவற்றைத் தாங்குதற்கு ஓய்வூதியமே துணைநின்றது.

அவ்வோய்வூதியமும் இனவேற்றுமைக்கு அப்பாற்பட்டதாக இருக்கவில்லை. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தை அடுத்து, சிங்களத் தேர்ச்சி பெறாத தமிழ் உத்தியோகத்தரின் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. எழுதுவினைஞர் கோடீஸ்வரன் இதனை எதிர்த்து வழக்காடினார். மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவர்பக்கம் தீர்த்தது. உயர் நீதிமன்றம் 1967இல் அதனை மாற்றிற்று. 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக வழக்கிடலாம் என்று கூறி, மொழிச் சட்டம் செல்லுமா என்னும் வினாவைத் தீர்க்காது விட்டது. இவ்வழக்கு மொழியுரிமையின் கதையாகவே பெரிதும் பேசப்படுகின்றது. ஓய்வூதியம் இறுதிச் சம்பளத்தைக் கொண்டு கணிக்கப்படுவதாகலின், இளமையில் நின்றுபோன ஏற்றம் முதுமையின் மருந்துப் பணத்திலும் குறைவாகத் தொடரும் என்பது அவ்வளவு கவனிக்கப்படவில்லை.

மலையகத் தமிழ் முதியோர் நிலை இதனினும் வேறானது. தோட்ட மருத்துவத்துக்கு 1872 முதற்கொண்டே சட்டம் இருந்தது. துரைமாரிடம் வரி அறவிட்டு நடத்தப்பட்ட அவ்வேற்பாடு உழைக்கும் உடலைக் கருதியதேயன்றி உழைத்து ஓய்ந்த உடலைக் கருதியதன்று. 1948இற் குடியுரிமையும் பறிபோயிற்று. ஒரே மொழி பேசிய இரு சாராரின் முதுமை இவ்வாறு இரு வழிப்பட்டது.

உழைத்த இடமே முதுமைக் காப்பைத் தீர்மானித்தல் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. 1965இல் முதியோர்க்கென மெடிக்கேயர் காப்புறுதியை ஏற்படுத்திய அமெரிக்காவில், அதன்கீழ்த் தனியார் நிறுவனங்கள் நடத்தும் கட்டுப்பாடுடைய திட்டங்களில், கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் வெள்ளையரிலும் கூடிய விகிதத்திற் சேர்கின்றனர். வெள்ளையரிற் பலர்க்கு முன்னாள் முதலாளி வழங்கும் மேலதிகக் காப்பு உண்டு. அஃதில்லாதோர் செலவு குறைந்த திட்டத்தை நாடுகின்றனர்.

குடாநாட்டிலோ போர் இவ்வேறுபாட்டை ஆழமாக்கிற்று. கமக்காரர் ஓய்வூதியச் சட்டம் 1987இல் நிறைவேறியது. அவ்வாண்டு மே மாதத்தில் வடமராட்சியிலும் ஒக்டோபரில் யாழ்ப்பாண நகரிலும் போர் மூண்டது. அறுபது வயதுவரை தவணை தவறாது கட்டவேண்டிய திட்டம், அடுத்த போகத்தை எங்கே விதைப்பதென்று அறியாதவன் முன் வைக்கப்பட்டது. கடற்றொழிலாளர் ஓய்வூதியச் சட்டம் வந்த 1990ஆம் ஆண்டும் போரின் ஆண்டே. மாறாக, 1990 முதல் 1995 வரை குடாநாடு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தும், அரசாங்கம் தன் ஊழியர்க்குச் சம்பளமும் ஓய்வூதியமும் அனுப்பியது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஏறக்குறைய முழுவதுமாக இடம்பெயர்ந்தபோது, பென்சன்காரர் தம் பெயர் ஓர் ஏட்டில் இருப்பதை அறிந்தே நடந்தனர். கமக்காரர்க்கு விட்டுவந்த தோட்டத்தையன்றி வேறு பற்றுக்கோடு இல்லை. அரசாங்க ஊழியர்க்குரிய ‘அக்ரகாரா’ மருத்துவக் காப்புறுதி பின்னாளில் ஓய்வூதியர்க்கும் விரிக்கப்பட்டது. அதிற் சேர்வதற்கும் முதல் தகுதி அரசாங்க உத்தியோகமே.