எலும்பு ஒட்டும் வரை: முதுகெலும்பு ஃப்யூஷனும் 20 மைக்ரோ ஆம்பியர் கரண்டும்

1/ முதுகெலும்பு ஃப்யூஷன் ஆபரேஷன் முடிந்து, தோலுக்கடியில் ஒரு சின்ன பேட்டரியோடு வீட்டுக்கு வருபவர்களுக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழும்: "ஸ்க்ரூ போட்டாச்சு, ராட் போட்டாச்சு. அப்புறம் கரண்ட் எதுக்கு?" இதற்கான பதிலுக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான கதை இருக்கு. கொஞ்சம் நீண்ட இழை. பொறுமையா வாசிங்க.

2/ முதலில் ஃப்யூஷன்னா என்ன? முதுகெலும்பு என்பது அடுக்கி வைத்த தனித்தனி எலும்புகள். அதில் இரண்டு மூன்று எலும்புகள் நிலை தவறி, நரம்பை நசுக்கி, வலி கொடுத்தால், அவற்றுக்கு இடையே புது எலும்பை வளரச் செய்து ஒரே எலும்பாக மாற்றுவதே ஃப்யூஷன். 'வளரச் செய்து' என்ற வார்த்தையைக் கவனிங்க. சர்ஜன் ஒட்டுவதற்கான ஏற்பாட்டைச் செய்கிறார். ஒட்டுவது உங்கள் உடம்பு.

3/ வருஷம் 1911. இடம் நியூயார்க். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம். கிருமி முதுகெலும்பை அரித்து, குழந்தைகளுக்குக் கூன் விழும். சிலருக்குக் கால்களே செயலிழந்துவிடும். ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃப்ரெட் ஆல்பி என்ற இரண்டு சர்ஜன்கள், ஒரே ஊரில், ஒரே வருஷத்தில், தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள்: அரிக்கப்பட்ட இடத்தை அசையாமல் செய்தால் கூன் கூடாது.

4/ ஹிப்ஸ் முதுகெலும்பின் பின்பக்க எலும்பையே சீவி, அந்தச் சில்லுகளைப் பாலம் போலப் படிய வைத்தார். ஆல்பி முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி முதுகில் பதித்தார். ஸ்க்ரூ கிடையாது, ராட் கிடையாது. நோயாளி வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்கணும். எலும்பு ஒட்டினால் தப்பித்தார். ஒட்டாவிட்டால் அந்த இடம் உள்ளே அசைந்துகொண்டே இருக்கும். இதற்கு டாக்டர்கள் வைத்த பெயர் 'சூடார்த்ரோசிஸ்', அதாவது பொய் மூட்டு.

5/ அடுத்தது அமெரிக்காவின் ஹூஸ்டன். போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகளுக்காக பால் ஹாரிங்டன் இரும்பு ராடும் கொக்கியும் செய்து, 1962-ல் தன் அனுபவத்தை வெளியிட்டார். ஆரம்பத்தில் சிலருக்கு ஃப்யூஷன் செய்யாமல் ராட் மட்டும் வைத்துப் பார்த்தார். வளைவு நிமிர்ந்தது. ஆனால் நாளாக ஆக, கொக்கி நழுவியது, ராட் உடைந்தது. அதன் பிறகு ராடோடு ஃப்யூஷனும் சேர்ந்தே நடந்தது.

6/ ஏன் உடையுது? ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைச்சுப் பாருங்க. கடைசியில் விண்டுவிடும். முதுகில் இருக்கும் ராடும் நீங்க உட்கார, எழ, நடக்க, லட்சக்கணக்கான முறை அசைவைத் தாங்குது. எலும்பு ஒட்டும் வரை பிடித்திருப்பது மட்டுமே அதன் வேலை. உலோகம் களைப்பதற்குள் எலும்பு ஒட்டணும். ஒவ்வொரு ஃப்யூஷனும் இந்தப் பந்தயம்தான்.

7/ சரி, எலும்பை வேகமா வளர வைக்க முடியுமா? இதற்கான விதை விழுந்தது ஜப்பானில். 1950-களில் கியோட்டோவைச் சேர்ந்த எலும்பு டாக்டர் இவாவோ யசுதா, முயலின் தொடை எலும்பில் மிக மெல்லிய கரண்டை மூன்று வாரம் செலுத்தினார். எதிர்மின் முனையைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்திருந்தது.

8/ 1957-ல் இயற்பியலாளர் எயிச்சி ஃபுகாடாவும் யசுதாவும் சேர்ந்து இன்னொன்றையும் காட்டினார்கள்: எலும்பை அழுத்தினால் அதில் மின்சாரம் பிறக்கிறது. 1962-ல் அமெரிக்காவில் பாஸெட்டும் பெக்கரும் இதையே வேறு விதத்தில் அளந்தார்கள். நடக்கும் ஒவ்வொரு அடியிலும் உங்கள் எலும்பில் நுண்ணிய மின்னழுத்தம் உண்டாகுது. ஆபரேஷனுக்குப் பிறகு "நடங்க, நடங்க" என்று நாங்க நச்சரிக்க இருக்கும் காரணங்களில், எலும்புக்குச் சுமை வேணும் என்பதும் ஒன்று.

9/ 1971-ல் பென்சில்வேனியாவில் ஃப்ரீடன்பெர்க், பிரைட்டன் குழு, ஒட்டாமல் கிடந்த ஒரு கணுக்கால் எலும்பை 10 மைக்ரோ ஆம்பியர் கரண்டால் ஒட்ட வைத்தது. 1974-ல் ஆஸ்திரேலிய சர்ஜன் ஆலன் டுவையரும் விக்கமும் இதை முதுகெலும்பு ஃப்யூஷனில் முயன்றதை எழுதினார்கள். 12 பேரில் 11 பேருக்கு ஒட்டியது. ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கம் யாரும் இல்லாத சின்ன ஆய்வுதான். ஆனால் கதவு திறந்துவிட்டது.

10/ கருவி எப்படி இருக்கும்? தோலுக்கடியில் ஒரு சிறிய பேட்டரிப் பெட்டி. அதிலிருந்து போகும் மெல்லிய டைட்டானியம் கம்பிகள், வைத்த எலும்புத் துண்டுகளுக்கு நடுவே படுத்திருக்கும். ஆரம்பக் கருவிகளில் கரண்ட் 20 மைக்ரோ ஆம்பியர். ஒரு குட்டி எல்இடி விளக்குக்கு வேண்டியதில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஷாக் அடிக்காது. உங்களுக்குத் தெரியவே தெரியாது.

11/ எதிர்மின் முனையில் ஆக்சிஜன் குறையும், காரத்தன்மை கூடும். எலும்பு கட்டும் செல்களுக்கு இந்தச் சூழல் பிடிக்கும். எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களும் அதிகமாகும். பேட்டரி சுமார் 6 மாதம் ஓடி நின்றுவிடும். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, பெட்டியை மட்டும் எடுத்துவிடலாம். கம்பிகள் எலும்போடு எலும்பாக உள்ளேயே இருக்கும்.

12/ இது உண்மையிலேயே வேலை செய்யுதா? 1987-ல் அமெரிக்க அரசின் எஃப்டிஏ ஃப்யூஷனுக்காக இதற்கு அனுமதி தந்தது. 1988-ல் வில்லியம் கேன் வெளியிட்ட ஆய்வில், ஒட்டுவது கடினம் எனக் கருதப்பட்டவர்களில், கருவி வைத்தவர்களில் 81 சதவீதம் பேருக்கும், வைக்காதவர்களில் 54 சதவீதம் பேருக்கும் எலும்பு ஒட்டியது. நல்ல வித்தியாசம்.

13/ கதை இங்கேயே முடிந்தால் நல்லா இருக்கும். முடியலை. 2009-ல் டென்மார்க் குழு 60 வயதைக் கடந்தவர்களிடம் சோதித்து, சிடி ஸ்கேனில் பார்த்தது. கருவி வைத்தவர், வைக்காதவர் என இரு பக்கமும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்களுக்கே ஒட்டியிருந்தது. வித்தியாசமே இல்லை. பழைய ஆய்வுகள் எக்ஸ்ரேயை நம்பியவை. எக்ஸ்ரேயில் ஒட்டினாற்போல் தெரிவது, சிடியில் ஒட்டாமல் தெரியலாம்.

14/ அதனால் இந்தக் கருவி எல்லாருக்கும் தேவையில்லை. ஏற்கனவே ஒருமுறை ஒட்டாமல் போனவர், பல அடுக்குகளை ஒட்ட வேண்டியவர் போன்ற சிலருக்கு ஒரு கூடுதல் உந்துதல். அவ்வளவே. இன்னொன்று: வலியைக் குறைக்க நரம்புக்குக் கரண்ட் கொடுக்கும் 'ஸ்பைனல் கார்டு ஸ்டிமுலேட்டர்' வேறு, இது வேறு. உங்களுக்கு வைத்தது எது என்று கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. எம்ஆர்ஐ எடுக்கும் முன்பும், பிசியோதெரபியில் டயாதெர்மி சூடு கொடுக்கும் முன்பும் அந்தச் சீட்டைக் காட்டுங்க.

15/ கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எலும்பு நன்றாக ஒட்ட 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகலாம். தையல் பிரிச்சதும், வலி குறைஞ்சதும், குடத்தைத் தூக்குவது, சிலிண்டரை நகர்த்துவது வேண்டாம். வலி குறைந்தது நரம்புக்கு விடுதலை கிடைத்ததால். எலும்பு இன்னும் பந்தயத்தின் நடுவில்தான் இருக்கு. குனிவது, தூக்குவது, இடுப்பை முறுக்குவது மூன்றையும் சர்ஜன் சொல்லும் வரை தள்ளிப் போடுங்க. வலி மாத்திரையை நீங்களே மெடிக்கலில் வாங்கிப் போடாதீங்க. சில வகைகள் எலும்பு ஒட்டுவதைத் தாமதமாக்கலாம்.

16/ இந்த இழையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கணும்னா இதை வைங்க. 1986-ல் வந்த ஓர் ஆய்வில், இரண்டு அடுக்கு ஃப்யூஷன் செய்தவர்களில் எலும்பு ஒட்டாமல் போனது புகைக்காதவர்களில் 8 சதவீதம், புகைப்பவர்களில் 40 சதவீதம். ஐந்து மடங்கு! மேலே சொன்ன பேட்டரி ஆய்வுகள் எதிலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. சிகரெட்டை, பீடியை ஆபரேஷனுக்கு முன்பே நிறுத்துங்க. ஒட்டி முடியும் வரை தொடாதீங்க. அதுக்கப்புறமும் வேண்டாம்.

17/ ஹிப்ஸ் காலத்து நோயாளிக்குக் காத்திருப்பு மட்டுமே மருந்து. இன்று ஸ்க்ரூ இருக்கு, ராட் இருக்கு, சிலருக்குக் கரண்டும் இருக்கு. ஆனா காத்திருப்பு மட்டும் இன்னும் போகலை. அந்த மாதங்களில் உங்க வீட்டில் யாராவது "ஆபரேஷன்தான் முடிஞ்சிடுச்சே" என்று சொன்னால், இந்த இழையைக் காட்டுங்க. பாதி ஆபரேஷன் தியேட்டரில் முடிஞ்சிடுச்சு. மீதிப் பாதி இப்போது உங்க வீட்டில் நடந்துகொண்டிருக்கு.