செஞ்சிச் சாலையில் நாம் கடந்து செல்வன

விழுப்புரத்தினின்று செஞ்சிக்கு மோட்டார் வண்டியிற் செல்லும் நம்மவர் பெரும்பாலும் கோட்டையொன்றையே குறியாகக் கொண்டு விரைகின்றனர். இராசகிரியின் உயரமும் தேசிங்குராசன் கதையும் அவர்தம் உள்ளத்தைக் கவர்ந்துகொண்டன. 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அக்கோட்டை மராட்டியர் கோட்டைத் தொகுதியுள் ஒன்றாக உலகப் பாரம்பரியச் சின்னமென ஏற்கப்பட்டது. இனி விரைவு இன்னும் மிகும். அதன் பெருமையைக் குறைத்துரைப்பது எமது கருத்தன்று. அதனினும் முற்பட்ட இடங்கள் வழிப்புறத்தே இருக்க, திரும்பியும் பாராது போதல் தகுமோ என்பதே எமது வினா.

முதலாவது எண்ணாயிரம். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இவ்வூர்க் கோயிலைச் சார்ந்து ஒரு கல்லூரி நடைபெற்றது. மாணாக்கர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். இளையோர் 270 பேருள் 40 பேர் ‘ரூபாவதாரம்’ என்னும் வடமொழி இலக்கணம் பயின்றனர். ஏனையோர் வேதம் ஓதினர். மூத்தோர் 70 பேர் வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம் கற்றனர். ஒவ்வொருவர்க்கும் நாடோறும் நெல் அளந்தனர். அக்கல்வி எல்லார்க்கும் உரியதாயிருந்ததில்லை என்பதையும், அந்நெல்லை விளைத்தோர் யார் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆயினும் உண்டியும் கல்வியும் ஒருங்கே வழங்கிய ஏற்பாடு வியக்கற்பாலதே.

அடுத்தது மண்டகப்பட்டு. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகட்கும் இக்கோயிலை எடுப்பித்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய இவையின்றியே இது செய்யப்பட்டதென ஆங்குள்ள வடமொழிச் சாசனம் கூறும். தான் கையாளாத பொருள்களைக் கூறிப் பெருமை கொண்ட அரசன் இவனேபோலும்! இன்று கருவறை மூன்றும் வெறுமையாக உள. வாயிற்காவலர் இருவர் மாத்திரம் தத்தம் நிலை பெயராது நிற்கின்றனர்.

அனந்தபுரத்தை அடுத்தது பனைமலை. மலைமேலுள்ள தாளகிரீசுவரர் கோயில் இராசசிம்ம பல்லவன் எடுத்தது. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலை எடுத்தவனும் அவனே. குடைவித்த கோயிலினின்று கல்லடுக்கிக் கட்டும் கோயிலுக்குத் தமிழகம் வந்தடைய ஒரு நூற்றாண்டு சென்றது. அந்நெடு வழியை நாம் இங்கே சில நாழிகையில் கடக்கின்றோம். கீழே ஏரி பரந்து கிடக்கின்றது. வடபாலுள்ள சிற்றறை ஒன்றன் சுவரில் உமையம்மையின் ஓவியம் உளது. முடிதரித்து, குடைநிழலில் ஒரு காலை மடித்துச் சாய்ந்து, ஈசன் ஆடலை நோக்கி நிற்கின்றாள் அம்மை. ஆடிய ஈசன் உருவமோ பெரும்பாலும் அழிந்தொழிந்தது. அம்மையின் வண்ணமும் சுண்ணப்பூச்சு உதிருந்தோறும் குறைந்து வருகின்றது. 1,300 ஆண்டு நின்ற அதனை நம் தலைமுறையில் இழத்தல் பெரும்பழியாகும்.

ஆதலின், செஞ்சி செல்லும் நண்பர்கள் புலர்காலையிற் புறப்படுக. நண்பகற்குள் இவற்றைக் கண்டு, பின் கோட்டைக்கு ஏகலாம். பனைமலையில் பிள்ளைகளை உடனிறுத்தி, சுவர்மேல் கைபடாதவாறு பார்த்துக்கொள்க.