மலையகத் தோட்டங்களில் நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள்: ஒரு வரலாற்று நோக்கு

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகளின் வரலாற்றை எழுதியோர் தேயிலையையும் குடிப்பெயர்வையும் தொழிற்சங்க இயக்கத்தையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். மருந்து எவ்வாறு லயத்து வாசலை அடைந்தது, அதனை உட்கொண்டவர் அதைப்பற்றி எதனை அறிந்திருந்தார் என்னும் வினா அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. வைத்தியர் எழுதிக் கொடுத்த நுண்ணுயிர்க் கொல்லியை முறைப்படி உட்கொள்ளுதல் இன்று சுகாதாரக் கல்வியின் ஒரு பாடமாகக் கருதப்படுகின்றது. அப்பாடம் மலையகத்தில் ஏன் எளிதாக வேரூன்றவில்லை என்பதை அறிய விரும்புவோர் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தோட்ட மருத்துவ முறையை நோக்குதல் வேண்டும்.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டம் இலங்கையில் 1872 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அப்போது பயிர் கோப்பி. தேயிலை பரவியது பின்னரே. புகையிரதம் ஹட்டனை அடைந்ததும் 1884 இலேதான். 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம், தோட்டத்தில் நோயுற்றோர் யாவர் என அறிந்து உடன் உதவி செய்யும் பொறுப்பைத் தோட்டத்துரைமீது சுமத்தியது. இது நன்மையே எனினும் இதன் விளைவொன்று கருதற்பாலது. நோயும் மருந்தும் பிரட்டுக்களத்தின் ஆட்சிக்குள் வந்தன. பேர்போடுதலும் மருந்து வழங்குதலும் ஒரே நிருவாகத்தின் இரு கைகளாயின. காய்ச்சலென்று சொன்னவர் உண்மையில் நோயாளியா, வேலைக்கு ஒளிப்பவரா எனத் தீர்மானிப்பதும் மருந்தகத்தின் கடமைகளுள் ஒன்றாயிற்று. முழுத் தகுதி பெற்ற வைத்தியர் தொலைவிலுள்ள மாவட்ட வைத்தியசாலையில் இருந்தார். தோட்டத்தில் இருந்தவர் டிஸ்பென்சர். அவர் வீட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட போத்தலில் கலவை மருந்தை ஊற்றிக் கொடுப்பார். பெயர் எழுதப்படாத அம்மருந்தை நோயாளி நிறத்தாலும் கசப்பாலும் அன்றி வேறெவ்வாறு அடையாளங் காண்பார்?

1916 அளவில் ரொக்பெல்லர் நிறுவனத்தின் ஆதரவில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளைப் பகுதியில் தொடங்கிற்று. மருந்தைக் கண்முன்னே விழுங்கச் செய்யும் முறை அது. குடற்புழுவுக்கு அம்முறை ஏற்றதே. ஆயின் மருந்தென்பது வரிசையில் நின்று பிறர் கண்முன்னே விழுங்கும் பொருள் என்னும் எண்ணத்தை அது வலுப்படுத்தியிருக்கும் என ஊகித்தல் தவறாகாது.

நுண்ணுயிர்க் கொல்லியின் இயல்பு இதற்கு முற்றும் மாறானது. 1941 ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒக்ஸ்போர்டில் கடுந் தொற்றுற்ற காவலர் ஒருவருக்குப் பெனிசிலின் ஏற்றப்பட்டது. சில நாள்களில் காய்ச்சல் தணிந்து அவர் உணவும் உட்கொண்டார். ஐந்தாம் நாளளவில் கையிருப்பு தீர்ந்தது. நோய் மீண்டும் தலையெடுக்க, மார்ச் மாதம் அவர் இறந்தார். நோயாளி நலமுற்றது போலத் தோன்றும் நாளும் தொற்று ஒழியும் நாளும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945 டிசம்பரில் தமது நோபல் உரையில், போதாத அளவில் மருந்துண்பவர் கிருமிகளைக் கொல்லாது அவற்றை மருந்துக்குப் பழக்கிவிடுவார் என எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை எழுந்த காலத்தில் மலையகத் தோட்டங்களிற் பெரும்பாலானவற்றில் போத்தல் மருந்தே ஆட்சி செலுத்திக்கொண்டிருந்தது.

தமிழுலகின் பிற பகுதிகளை ஈண்டு நோக்குதல் பயன்தரும். நெருப்புக் காய்ச்சலுக்குக் குளோரம்பெனிக்கோல் பயன்படும் என்பது 1948 இல் கோலாலம்பூரில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் நிறைந்த மலாயாவில், கண்டறியப்பட்டது. அதனினும் நமக்கு நெருக்கமானது சென்னையின் அனுபவம். 1956 இல் அங்கு நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த வறியோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றையோருக்குச் சிகிச்சை மனையிலும் ஓராண்டு மருந்தளித்தது. 1959 இல் வெளியான முடிவு உலகை வியக்கச் செய்தது: வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவிற் குணமடைந்தனர். வறியவரும் எழுத்தறியாதவரும் நெடுநாள் மருந்தை ஒழுங்காக உண்ணமாட்டார் என்னும் இறுமாப்புக் கூற்று சென்னையிலே தகர்ந்தது எனலாம். ஆயின் அது தானாக நிகழவில்லை. முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர், ஏன் உண்ண வேண்டுமென்பதைத் தமிழில் எடுத்துரைத்தனர். மலையகத்து மருந்தகம் இவற்றுள் எதனைச் செய்தது என்று கேட்பது நியாயமான கேள்வியே.

மருந்தின் பெயர் பற்றிய போராட்டம் நமது நாட்டிலேயே நிகழ்ந்தது. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் விளங்கிய பேராசிரியர் சேனக பிபிலே, மருந்துகளை வணிகப் பெயரால் அன்றி அவற்றின் பொதுப்பெயரால் வழங்கவேண்டும் என வாதிட்டவர். 1971 இல் அவரும் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. நாட்டில் வழங்கிய ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவிற்குக் குறைக்கப்பட்டன. 1974 இல் வாந்திபேதி பரவியவேளை, கூட்டுத்தாபனம் வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு டெட்ராசைக்கிளின் வில்லைகளை ஆக்கித்தரப் பைசர் நிறுவனம் இணங்கவில்லை. மருந்தை வேறு வழியாக வெளிநாட்டிலிருந்து தருவிக்க நேர்ந்தது. அதே 1973–74 ஆம் ஆண்டுகளிலேதான் உணவுப் பஞ்சம் தோட்டங்களில் உயிர்களைப் பலிகொண்டது. பிபிலே 1977 இல் கயானாவிற் காலமானார். அவரது முயற்சி செலவைக் குறைப்பதற்கானது என்றே பெரும்பாலும் பேசப்படுகின்றது. பொதுப்பெயரை அறிந்த நோயாளி, தமக்கு முன்னர் ஒவ்வாத மருந்து எதுவென அடுத்த வைத்தியரிடம் சொல்ல முடியும் என்னும் பயன் போதியளவு எடுத்துரைக்கப்படவில்லை. பெனிசிலின் உண்டு உடல் தடித்து, மூச்சுத் திணறிய ஒருவர் அப்பெயரை அறியாதிருப்பின், வேறு நிறமுடைய அமொக்சிசிலின் வில்லையை ஐயமின்றி விழுங்கிவிடுவார். இரண்டும் ஒரே குடும்பத்தன.

தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாகி, 1992 இல் மீண்டும் கம்பனிகளின் நிருவாகத்திற்கு மாறின. டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியோடு எழுந்த புதிய வைத்தியசாலைக் கட்டடம் 2017 இல் திறந்துவைக்கப்பட்டது. மருந்து இன்று உறையிலிட்டே கிடைக்கின்றது. பழைய பழக்கங்கள் மட்டும் உறைக்குள் அடங்குவதாயில்லை. காய்ச்சல் விட்டதும் எஞ்சிய வில்லைகளைச் சுருட்டிவைத்து, அடுத்த மாதம் பிள்ளைக்குத் தடிமன் வந்தால் அவற்றிற் பாதியைக் கொடுப்பது அவற்றுள் ஒன்று. தடிமன் வைரசால் வருவது. நுண்ணுயிர்க் கொல்லி அதனைத் தீண்டாது. முதியோருக்கென எழுதிய டெட்ராசைக்கிளின் வகை மருந்து சிறுபிள்ளையின் வளரும் பற்களில் அழியாக் கறையை உண்டாக்கும். எத்தனை நாள் உண்பது என்பதில் மருத்துவ உலகின் கருத்து அண்மைக் காலத்தில் மாறியுள்ளது. சில தொற்றுக்களுக்கு முன்னையிலும் குறைந்த நாள்கள் போதுமென இப்போது கருதுகின்றனர். ஆயினும் அக்கணக்கை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும். தணிந்த காய்ச்சல் தீர்மானிக்கலாகாது. ஒரு வேளை தவறின் நினைவு வந்தவுடன் உண்ணலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுதலே முறை. இரு வேளை மருந்தைச் சேர்த்து விழுங்கலாகாது.

மலையகப் பெண்களுக்குச் சிறப்பாக உரிய செய்தியொன்று உண்டு. குருதிச் சோகைக்காகக் கிளினிக்கில் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையை டொக்சிசைக்கிளின், சிப்புரோபுளொக்சசின் போன்றவற்றோடு சேர்த்து உண்டால், மருந்து இரும்போடு பிணைந்து உடலிற் சேராது போகும். பாலும் அவ்வாறே தடை செய்வதுண்டு. ஆகவே இரும்பு மாத்திரை உண்பதை மருந்தெழுதும் வைத்தியரிடம் முன்கூட்டியே கூறி, இடைவெளி எத்தனை மணி எனக் கேட்டறிதல் வேண்டும். கருவுற்றிருப்பதையும் கூறுதல் வேண்டும். சில மருந்துகள் அந்நிலையில் விலக்கப்பட்டவை.

எட்டு மணிக்கு ஒருமுறை என எழுதப்பட்ட மருந்தின் இரண்டாம் வேளை, கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மலையிலே நிற்கும்போது வருகின்றது. லயத்திலே வைத்துவிட்டு வந்த மருந்தை மாலையில், கொழுந்து நிறுத்து வீடு திரும்பிய பின்னரே அவரால் எடுக்க இயலும். மதிய வேளைக்குரிய வில்லையை உறையோடு மடியிற் செருகிக்கொண்டு மலையேறுவோர் உளர். நாளிருமுறை உண்ணத்தக்க வேறு மருந்து தம் நோய்க்கு உண்டா என வைத்தியரைக் கேட்கலாம் என்பதை அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை.