பேராதனைச் சந்தியும் ஒரு சிப்பும்

கொழும்பிலிருந்து கண்டிக்குக் கோச்சி ஓடத் தொடங்கியது 1867இல். தோட்டத்துக் கோப்பியைத் துறைமுகத்துக்குச் சீக்கிரம் இறக்கத்தான் அந்தப் பாதை. அது பதுளையைத் தொட 1924 ஆனது. கண்டிக்காரர்களான நமக்கு ஒன்று நல்லாத் தெரியும்: ஓடுற நேரத்தைவிட நிக்கிற நேரம்தான் எரிச்சல். பதுளைக்குப் போற ரயில் கண்டிக்குள் வந்தால், எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டணும். அதனால் சில ரயில்கள் கண்டிக்கு வராமலே பேராதனைச் சந்தியிலிருந்து மலையேறிவிடும்.

கணினி சிப்புக்குள்ளும் இதே கதைதான். பகுதிக்குப் பகுதி தனிக் கம்பி இழுக்காமல், தகவலைப் பாக்கெட்டுகளாக்கி ரவுட்டர்கள் வழியே அனுப்பலாம் என்று 2001இல் வில்லியம் டாலியும் பிரையன் டவுல்ஸும் எழுதினார்கள். ரவுட்டர் என்பது ஒரு சந்தி. எந்தப் பக்கம் போகணும், அடுத்த சந்தியில் எந்த வரிசையில் இடம், யாருக்கு முதலில் வழி என்று முடிவு பண்ணின பிறகுதான் பாக்கெட்டைக் கடத்தும். 2007இல் இன்டெல் காட்டிய சோதனைச் சிப்பில் 80 செயலிகள், 8க்கு 10 கட்டமாக. மூலையிலிருந்து எதிர்மூலைக்கு 17 ரவுட்டர்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நின்றாலே போதும், வேகமெல்லாம் போச்சு.

இந்தக் காத்திருப்பைக் குறைத்தது படிப்படியாகத்தான். அடுத்த சந்தியில் எந்தப் பக்கம் என்பதை முந்தின சந்தியிலேயே முடிவு பண்ணும் முறை 1990களிலேயே, சிப்புகளை இணைக்கும் ரவுட்டர்களில் வந்துவிட்டது. வரிசையில் இடம் கிடைக்கும் என்று நம்பி, அதே நேரத்தில் வழியையும் கேட்டுவிடுவது 2001இல் லி-ஷியுவான் பேயும் டாலியும் சொன்னது. நம்பிக்கை பிழைத்தால் திரும்பக் கேட்கணும். 2007இல் அமித் குமார், பே, பார்த்தா குண்டு, நிராஜ் ஜா ஆகியோர் கடுகதிப் பாதையே போட்டார்கள்: இடையிலுள்ள சந்திகளில் நிற்காமல் பாக்கெட் தாண்டிப் போகும்.

ஆனால் கடுகதி போய்க்கொண்டே இருந்தால், நடுச் சந்தியில் நிக்கிற பாக்கெட் எப்ப போவது? அதற்கும் அவர்கள் வழி வைத்தார்கள். அது அளவுக்கு மீறிக் காத்திருந்தால், கடுகதி வரும் பக்கமாக ஒரு சைகை பின்னோக்கிப் போகும். கடுகதி கொஞ்சம் நிற்கும்.

நம்மை நிறுத்திவைத்தது இந்த இடம்தான். மலைப்பாதையில் இருப்பது ஒற்றைத் தண்டவாளம். எதிரே கடுகதி வந்தால் சாதாரணக் கோச்சி ஒதுங்கி நிக்கும். அதில் தோட்டத்துச் சனம், பள்ளிப் பிள்ளைகள், மரக்கறிக் கூடைகள். வேகம் கூடும்போது யாரோ ஒதுங்கத்தான் வேண்டும். ஒதுங்கினவர் ‘போதும், இப்ப என் முறை’ என்று சொல்ல ஒரு சைகை வேணும். சிப்புக்கு அதைச் செய்ய முடிந்தது. நம்ம பாதைக்கு?