நெவாடா பக் அந்துப்பூச்சி

நெவாடா பக் அந்துப்பூச்சி (எமிலியூக்கா நெவாடென்சிசு) என்பது வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் ஓர் அந்துப்பூச்சி இனமாகும். வறண்ட நிலங்களில் ஓடும் ஆறு, ஓடை ஆகியவற்றின் கரைகளில் வளரும் வில்லோ, பாப்லர் மரங்களைச் சார்ந்தே இது வாழ்கிறது. டசர் பட்டு தரும் பூச்சிகள் அடங்கிய சாட்டர்னிடே குடும்பத்தைச் சேர்ந்தது எனினும், இதிலிருந்து பட்டு கிடைப்பதில்லை. இதன் புழு மண்ணிலோ சருகுக்கு அடியிலோ கூட்டுப்புழுவாக மாறுகிறது.

பெயர்

'பக்' என்பது ஆண் மானைக் குறிக்கும். மான் வேட்டை நடைபெறும் இலையுதிர்காலத்தில் பறப்பதால் இப்பெயர் ஏற்பட்டதாகக் கூறுவர். 1872 இல் இவ்வினத்தை விவரித்த ரிச்சர்டு இசுட்ரெச்சு, நெவாடா மாநிலத்தின் கனிமவியல் அலுவலராகப் பணியாற்றியவர். பூச்சியியல் அவரது தொழிலன்று.

தோற்றம்

விரித்த இறக்கைகளின் அகலம் ஏறத்தாழ 6 முதல் 8 செ.மீ. கருநிற இறக்கைகளின் நடுவே அகன்ற வெண்பட்டையும் அதில் கண் போன்ற புள்ளியும் உண்டு. கிழக்குப் பகுதியில் ஓக் மரங்களில் வாழும் நெருங்கிய உறவினமான எமிலியூக்கா மையாவில் இப்பட்டை குறுகலானது. ஆணின் வயிற்று நுனி சிவப்பாக இருக்கும். பேரேரிகளை அடுத்த ஈரநிலங்களில் வில்லோவை உண்ணும் பூச்சிகளை எந்த இனத்தில் சேர்ப்பது என்பது நெடுநாள் விவாதத்திற்கு உரியதாக இருந்துள்ளது.

வாழ்க்கைச் சுழற்சி

இக்குடும்பத்தின் பெரும்பாலான பூச்சிகள் இரவில் பறப்பவை. இதுவோ பகலில் பறக்கிறது. பாலைநிலத்தில் இலையுதிர்கால இரவுகள் கடுங்குளிரானவை என்பதை எண்ணினால் இது வியப்பன்று. செப்டம்பர் முதல் நவம்பர் வரை முதிர்பூச்சிகளைக் காணலாம். இவற்றுக்குச் செயல்படும் வாயுறுப்பு இல்லை. புழுப் பருவத்தில் சேர்த்த ஆற்றலைக் கொண்டே வாழ்ந்து மடிகின்றன. பெண் வெளியிடும் மணப்பொருளை நுகர்ந்து ஆண் வேகமாகப் பறந்து வருகிறது. இணைந்தபின் பெண், மெல்லிய கிளையைச் சுற்றி மோதிரம் போல முட்டைகளை அடுக்குகிறது.

குளிர்காலம் முழுவதும் முட்டைகள் கிளையிலேயே இருக்கும். இளவேனிலில் துளிர் விடும் காலத்தில் கருநிறப் புழுக்கள் வெளிவந்து, கூட்டமாக இலைகளை உண்கின்றன. வளர்ந்தபின் பிரிந்து செல்கின்றன. இவற்றின் கிளைத்த முட்களில் நஞ்சு உண்டு. கையில் பட்டால் கடும் எரிச்சலும் தடிப்பும் ஏற்படும். எனவே தொடாதிருப்பது நன்று. கோடையில் கூட்டுப்புழுவாகும் இவற்றுள் பெரும்பாலானவை அவ்வாண்டின் இலையுதிர்காலத்திலேயே வெளிவருகின்றன. சில மட்டும் அடுத்த ஆண்டு வரை மண்ணுக்குள் தங்கிவிடும். ஒரு பருவம் பொய்த்தாலும் மரபு அறுபடாமல் இருக்க இது உதவுகிறது.

வாழிட நெருக்கடி

பாலைநிலத்தில் இம்மரங்கள் நீரோட்டத்தை ஒட்டிய குறுகிய பட்டையாகவே வளர்கின்றன. பாப்லர் விதைகள் சில வாரங்களே உயிர்ப்புடன் இருக்கும். இளவேனில் வெள்ளம் வடிந்த ஈரமணலில் விழுந்தால்தான் முளைக்கும். அணைகள் வெள்ளத்தைத் தடுத்தால் முதிய மரங்கள் நிற்க, கன்றுகள் தோன்றுவதில்லை. கால்நடைகள் வில்லோவின் நுனிக்கிளைகளை மேயும்போது முட்டை வளையங்களும் உடன் அழிகின்றன. யூரேசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட டாமரிக்சு புதர் பல ஆற்றங்கரைகளில் பரவி, வில்லோவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

நெவாடாவின் டிரக்கி ஆறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 1905 இல் கட்டப்பட்ட டெர்பி அணையின் வழியாக அதன் நீர் பாசனத்திற்குத் திருப்பப்பட்டது. கீழாற்றில் கரைமரங்கள் குறைந்தன. 1980களில் குயி-உயி என்னும் அரிய மீன் முட்டையிடுவதற்காக இளவேனிலில் நீர் திறக்கப்பட்டபோது, எவரும் திட்டமிடாமலேயே கரையெங்கும் பாப்லர், வில்லோ கன்றுகள் முளைத்தன.