மணல், கியர், தடம்

இயந்திரம் என்றதும் நம் எழுத்தாளர்களுக்குக் கைவசம் இருப்பவை இரண்டே மனநிலைகள்: ஒன்று பயம், மற்றது பக்தி. தச்சனுக்கும் அவனுடைய இழைப்புளிக்கும் உள்ள உறவைப்போல, மனிதன் இயந்திரத்தோடு கொள்ளும் உறவை விவரமாகப் பார்க்கும் பொறுமை நம்மிடம் அதிகம் இல்லை. லிபியப் பாலைவனத்தில் 1920களின் பிற்பகுதியிலிருந்து 1943 வரை கார்களும் லாரிகளும் ஓட்டியவர்களின் சரித்திரம் இந்த இரண்டு மனநிலைகளுக்கும் அடங்காதது.

கதையின் மையத்தில் இருப்பவர் ரால்ஃப் பாக்னோல்ட் (1896-1990). பிரிட்டிஷ் இராணுவ என்ஜினீயர். கெய்ரோவில் உத்தியோகம், விடுமுறை கிடைத்தபோதெல்லாம் நண்பர்களோடு, சொந்தச் செலவில், ஃபோர்டு கார்களில் பாலைவனத்துக்குள் போனார். எகிப்தின் மேற்குப் பகுதியில் உள்ள பெரும் மணற்கடலைக் கார்களால் கடக்க முடியாது என்பது அதுவரை இருந்த நம்பிக்கை. பாக்னோல்ட் ஒரு மணற்குன்றை நோக்கி முழுவேகத்தில் காரை விட்டார். வண்டி புதையவில்லை, சுவர்போல் நின்ற சரிவில் வழுவழுவென்று மேலேறியது. காற்று வீசும் பக்கத்துச் சரிவில் மணல் இறுகிக் கிடக்கிறது, மறுபக்கத்துச் சரிவில் இளகிக் கிடக்கிறது என்ற விஷயம் முதலில் அவருக்கு டயர்கள் மூலமாகத்தான் தெரிந்தது.

இதற்குப் பின்னால் ஒரு முழு இலக்கணமே உருவாயிற்று. அக்காலத்து லாரிகளில் கியரை இறக்க வேண்டுமென்றால் டபுள் கிளட்ச் போட வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, என்ஜினை ஓர் உறுமல் உறுமவிட்டு, மறுபடி மிதித்துக் கீழ்க் கியரில் விழவைக்க வேண்டும். தார் ரோட்டில் இது இரண்டு விநாடி வேலை. இளகிய மணலில் அந்த இரண்டு விநாடிக்குள் சக்கரங்களுக்கு விசை அற்று, மணல் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கியரை மணலுக்குள் நுழைவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். மணலின் நிறத்தையும் அலைவரிகளையும் பார்த்து முன்கூட்டியே செய்யும் தீர்மானம் அது. ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக வைத்திருக்க வேண்டும். பிரேக்கைத் தொடக்கூடாது. நிற்க வேண்டுமானால் இறக்கத்தைப் பார்த்துத் தானாக உருண்டு நிற்கவிட வேண்டும். குன்றின் உச்சியில் வேகம் மிஞ்சினால் வண்டி மறுபக்கம் பாய்ந்து கவிழும். குறைந்தால் உச்சியிலேயே வயிறு தட்டி உட்கார்ந்துவிடும்.

புதைந்துவிட்டாலோ, ஆக்ஸிலேட்டரை அழுத்துவதுதான் மிகப் பெரிய முட்டாள்தனம். சக்கரம் சுழலச் சுழலத் தன் குழியைத் தானே தோண்டும். இறங்கி, மண்வெட்டியால் வாரி, பின் சக்கரங்களுக்கு முன்னால் இரும்புத் தகடுகளைச் செருகி, தள்ள வேண்டும். இந்தத் தகடுகளை, முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடச் செய்யப்பட்டவற்றை, கெய்ரோவில் ஒரு பழைய சாமான் கடையில் பாக்னோல்ட் கண்டெடுத்தார். ரேடியேட்டரில் கொதித்து ஆவியாகும் தண்ணீரை ஒரு டின்னில் பிடித்துக் குளிரவைத்துத் திரும்ப அனுப்பும் ஏற்பாடும் செய்துகொண்டார். லாரியின் இரும்பு காந்த ஊசியைக் குழப்பும் என்பதால் நிழலைக்கொண்டு திசை காட்டும் சூரியத் திசைகாட்டியையும் அமைத்தார். டயரில் காற்றைக் குறைப்பது, கதவுகளைக் கழற்றி எறிவது என்று எல்லாமே விட்டுக்கொடுப்பதன் மூலம் பெறப்பட்டவை. இங்கே பலம் என்பது இரண்டாம் பட்சம். நீள்தூரப் பாலைவனப் படையினர் 1941-இல் நான்கு சக்கர விசை கொண்ட ஃபோர்டு லாரிகளைப் பெற்றார்கள். அவை பெட்ரோலை மிக அதிகமாகக் குடித்தன. 1942-இல் மறுபடி இரு சக்கர விசை ஷெவர்லேக்களுக்கே திரும்பினார்கள்.

1935-இல் இராணுவத்தை விட்டு வந்த பாக்னோல்ட், காற்றுச் சுரங்கம் ஒன்றில் மணலைப் பறக்கவிட்டு ஆராய்ந்தார். ஒரு மணல் துகள் எழும்பி விழுந்து இன்னொரு துகளை எழுப்பும் விதத்தைக் கணக்கில் கொண்டுவந்த அவருடைய நூல் 1941-இல் வெளிவந்தது. செவ்வாய்க் கிரகத்தில் கியூரியாசிட்டி வண்டி 2015-இல் சென்றடைந்த மணற்குன்றுகளுக்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் புத்தகம் வெளிவருவதற்கு முன்பே இந்த அறிவு போருக்குப் போய்விட்டது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பாக்னோல்டின் யோசனையை ஜெனரல் வேவல் ஏற்றார். ஆறு வாரத்தில் படை தயாராயிற்று. முதலில் வந்தவர்கள் நியூசிலாந்துக்காரர்கள். பலர் பண்ணை வேலையில் பழகியவர்கள். 1942-இல் இந்தியக் குதிரைப்படைகளிலிருந்து எடுக்கப்பட்ட ஸ்க்வாட்ரன் ஒன்றும் சேர்ந்தது. அதன் ரோந்துகள் ஜாட், ராஜபுத்திரர், சீக்கியர், முஸ்லிம் என்று பிரிக்கப்பட்டிருந்தன. மணல் இந்தப் பிரிவினையைக் கேட்கவில்லை. ஆட்சி கேட்டது.

இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். சாகசப் பயணம் என்று தொடங்கியது எவ்வளவு சுலபமாகப் போராக மாறிவிட்டது! காணாமற்போன பாலைவனச் சோலையின் பெயரால் ஜெர்ஸூரா கிளப் என்று 1930-இல் கூடிய வட்டத்தோடு பழகிய ஹங்கேரியர் அல்மாசி, 1942-இல் ஜெர்மானிய உளவாளிகள் இருவரை, கைப்பற்றப்பட்ட பிரிட்டிஷ் வண்டிகளில், எகிப்துக்குள் கொண்டுவந்து விட்டார். அதே மணல், அதே வித்தை. வித்தைக்குக் கட்சி கிடையாது என்று சொல்லி இதை நாம் முடித்துவிடலாம். முடித்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்த மணல் வெறிச்சோடிக் கிடந்ததாக நினைத்தது வண்டியில் வந்தவர்கள் மட்டும்தான்.

1931 ஜனவரியில் இத்தாலியப் படை குஃப்ரா சோலையைப் பிடித்தது. அங்கிருந்த மக்கள் பெண்களும் குழந்தைகளுமாகப் பாலைவனத்தில் கிழக்கு நோக்கி ஓடினார்கள். பலர் வழியிலேயே மாண்டார்கள். நில அளவைக்காக வந்திருந்த பாட் கிளேட்டன் தம் வண்டிகளில் பலரை ஏற்றிவந்து காப்பாற்றினார். மணலில் வண்டி ஓட்டும் வித்தை உயிர்காக்கப் பயன்பட்ட சந்தர்ப்பம் அது. படத்தில் வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் மனிதர்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

பத்து வருஷம் கழித்து, 1941 ஜனவரி 31 அன்று, ஜெபல் ஷெரீஃப் என்ற குன்றருகே இத்தாலிய மோட்டார் படையும் விமானங்களும் ஒரு பிரிட்டிஷ் ரோந்தைத் தாக்கின. ரோந்துக்குத் தலைவர் அதே கிளேட்டன், காயம்பட்டுச் சிறைப்பட்டார். லாரிகள் சில எரிந்தன. தப்பிய நால்வர் சரணடையவில்லை. காலில் காயத்தோடு மூர் என்பவர், கழுத்தில் காயத்தோடு ஈஸ்டன், இன்னும் இருவர். கையில் ஒரு டின் தண்ணீர். உணவு இல்லையென்றே சொல்லலாம். தெற்கு நோக்கி நடந்தார்கள். பத்தாம் நாள் பிரெஞ்சுப் படையினர் மூரைக் கண்டபோது அவர் சுமார் 210 மைல் நடந்திருந்தார். அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தார். ஈஸ்டன் மீட்கப்பட்ட பிறகு இறந்தார்.

அவர்களுக்கு வழி காட்டியவை லாரிகளின் டயர்த் தடங்கள். கியரையும் கிளட்சையும் பற்றிய அத்தனை ஞானமும் கடைசியில் காயம்பட்ட ஒரு கால் பின்பற்றக்கூடிய இரண்டு கோடுகளாக எஞ்சின. குஃப்ராவிலிருந்து ஓடியவர்களுக்கு முன்னால் அந்தக் கோடுகளும் இல்லை.